மொபைல் டிஜேவுக்கு ஸ்பீக்கர் வாங்கும் முன்

பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ‘2000 வாட்’டை நம்பி வாங்காதீர்கள்; அது பெரும்பாலும் பீக் அளவு, அதாவது ஒரு கணம் மட்டும் தாங்கும் உச்சம். தொடர்ந்து தாங்கும் ஆர்எம்எஸ் வாட்டையும், அதைவிட முக்கியமாக எவ்வளவு சத்தம் வரும் என்று சொல்லும் அதிகபட்ச டெசிபலையும் பாருங்கள். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் போய்விடும்.

நூறு பேர் கூடும் ஹாலுக்கு ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் 12 இஞ்ச் டாப் (குரலும் மேல் ஒலிகளும் தரும் ஸ்பீக்கர்) இரண்டு, 18 இஞ்ச் சப் (பேஸுக்கான ஸ்பீக்கர்) ஒன்று போதும். சப்புக்கும் டாப்புக்கும் ஒலியைப் பிரிக்கும் கிராஸ்ஓவரை 100 ஹெர்ட்ஸில் வைத்து, டாப்புக்கு பேஸை வெட்டும் லோ-கட் போடுங்கள். பேஸ் சுமை இறங்கியதும் குரல் எவ்வளவு தெளிவாகிறது என்று கேட்டுப் பாருங்கள்! டாப்பில் மேல் ஒலி வெளிவரும் புனலான ஹார்ன் ஆட்களின் தலைக்கு மேலே இருக்கட்டும். சிக்னல் அளவு மீறுவதைக் காட்டும் கிளிப் விளக்கு விடாமல் எரிந்தால் மிக்ஸர் மாஸ்டரைக் குறையுங்கள். இல்லையென்றால் முதலில் போவது மேல் ஒலி தரும் ட்வீட்டர்தான்.

டாப்பைத் தனியாளாகத் தூக்கி ஸ்டாண்டில் ஏற்ற முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். 20 கிலோ தாண்டினால் சிரமம்.