நடுநிலைப் பள்ளியில் சுவர்ப் பத்திரிகை: முதல் இதழை ஒட்டுவது வரை

மேலே ஒரு குறள், நடுவில் 'உங்களுக்குத் தெரியுமா?', ஓரத்தில் ஒரு மயில் படம். இப்படி நிரப்பிய சார்ட்டை யாரும் இரண்டாவது தடவை நின்று பார்ப்பதில்லை. அது அலங்காரம். பள்ளியிலோ ஊரிலோ நடந்த, படிக்கிற பிள்ளைக்கு அதுவரை தெரியாத ஒன்று இருந்தால்தான் அது பத்திரிகை. 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இரண்டு வாரத்துக்கு ஓர் இதழ் கொண்டுவரும் முறை இது. வாரம் ஒன்று என்று தொடங்கினால் மூன்றாவது இதழிலேயே மூச்சு வாங்கும்.

வேண்டிய பொருட்கள்

22 × 28 அங்குல சார்ட் ஒன்று, ஏ4 தாள் பத்து, சன்ன முனை கருப்பு ஸ்கெட்ச் பேனா இரண்டு, தலைப்புக்குத் தடித்த மார்க்கர் ஒன்று, 30 செ.மீ. ஸ்கேல், பென்சில், பசைக்குச்சி. சார்ட் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கட்டும். அடர் ரோஸ், அடர் நீலத்தில் எழுத்து எடுபடாது. வீட்டில் காய்ச்சிய மைதா பசை மலிவுதான், ஆனால் கரப்பானும் எறும்பும் ஒரே வாரத்தில் தாளை அரித்துவிடும். அதைத் தடுக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் வேலைக்கு வேண்டாம்.

குழு

எட்டுப் பேர் போதும். நான்கு பேர் செய்தி திரட்ட, இரண்டு பேர் சரிபார்க்க, ஒருவர் எழுத, ஒருவர் படம் வரைய. இரண்டு இதழுக்கு ஒருமுறை வேலையை மாற்றிக் கொடுங்கள். கையெழுத்து அழகாக இருக்கும் ஒரு பிள்ளையின் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அந்தப் பிள்ளை காய்ச்சலில் படுத்தால் இதழும் படுத்துவிடும்.

செய்தி எங்கே கிடைக்கும்

'ஒன்றுமே நடக்கவில்லை சார்' என்றுதான் முதலில் சொல்வார்கள். ஆளுக்கு ஓர் இடத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஒருவருக்குச் சத்துணவுக் கூடமும் காலை உணவும், ஒருவருக்கு விளையாட்டு மைதானம், ஒருவருக்கு இலக்கிய மன்றம், அறிவியல்-கணிதச் செய்முறைகளுக்கான வானவில் மன்றம் போன்ற மன்றங்கள், ஒருவருக்கு ஊர். கடைசியாகச் சொன்னதில்தான் சரக்கு அதிகம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிவறைக் குழாய் பற்றி என்ன முடிவானது என்பது செய்தி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அதில் பள்ளியைப் பற்றி ஏதாவது பேசினார்களா என்று கேட்டு வருவதும் செய்திதான்.

எட்டாம் வகுப்புக்கான என்.எம்.எம்.எஸ் (தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகை) தேர்வு அறிவிப்பு வந்தால் அதற்கு நல்ல இடம் கொடுங்கள். தேர்வானவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். விண்ணப்பக் கடைசி நாளைத் தவறவிடும் குடும்பங்களுக்கு இந்தச் சுவர் உதவும்.

எழுதுவது

யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்ற ஆறையும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் போக வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் இப்படி எழுதி வருவார்கள்:

'நமது பள்ளியில் நேற்று கோ-கோ போட்டி மிகச் சிறப்பாக நடைபெற்றது. அனைவரும் மகிழ்ச்சி அடைந்தனர்.'

இதில் செய்தி இல்லை. யார் ஜெயித்தது? 'நேற்று' என்பதும் உதவாது. இரண்டு வாரம் சுவரில் இருக்கப்போகிற தாளில் எந்த நேற்று? திரும்பப் போய்க் கேட்டு வந்தால் இப்படி ஆகும்:

'வியாழக்கிழமை (12-ஆம் தேதி) நடந்த கோ-கோ போட்டியில் ஏழாம் வகுப்பு எட்டாம் வகுப்பை 11–9 என்று வென்றது. கடைசி நிமிடம் வரை 9–9 என்றே இருந்தது.'

'மிகச் சிறப்பாக', 'இனிதே', 'அனைவரும்' ஆகிய மூன்று சொல்லையும் தடைசெய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆசிரியர் உட்கார்ந்து பெரியவர்கள் தமிழில் திருத்தி எழுதிக் கொடுக்கக் கூடாது. எழுத்துப் பிழையை மட்டும் திருத்துங்கள், வாக்கியம் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

சரிபார்ப்பவர்கள் பெயரையும் முன்னெழுத்தையும் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். எண்களைச் சம்பந்தப்பட்டவரிடமே கேட்க வேண்டும். ஒரு பள்ளியிலேயே ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், முன்னெழுத்து மாறினால் மறுநாள் வகுப்பில் சண்டை.

யார் குறைந்த மதிப்பெண் எடுத்தார், யார் பள்ளிக்கு வருவதில்லை, யாருடைய வீட்டில் என்ன பிரச்சினை என்பவை எவ்வளவு உண்மையாக இருந்தாலும் சுவருக்கு வரக்கூடாது. ஒட்டுவதற்கு முன் தலைமை ஆசிரியர் ஒருமுறை படித்துவிட வேண்டும்.

பக்க அமைப்பு

நேராகச் சார்ட்டிலேயே எழுதாதீர்கள். ஒரு பிழை வந்தால் முழுச் சார்ட்டும் வீண். ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் 14.8 × 21 செ.மீ. துண்டு கிடைக்கும். ஒவ்வொரு செய்தியையும் தனித் துண்டில் எழுதி ஒட்டுவதுதான் வழி.

சார்ட்டைப் படுக்கை வாக்கில் வைத்தால் அகலம் சுமார் 71, உயரம் 56 செ.மீ. சுற்றிலும் 2 செ.மீ. விட்டால் 67 × 52 மிஞ்சும். மேலே 8 செ.மீ. பத்திரிகையின் பெயர், இதழ் எண், தேதி. மீதி 44 செ.மீ. உயரத்தில் இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு துண்டு. துண்டுகளுக்கு இடையே பக்கவாட்டில் 2.5 செ.மீ., மேலும் கீழும் 1 செ.மீ. இடைவெளி. ஆக எட்டுத் துண்டு: ஆறு செய்தி, ஒரு படம், ஒரு புதிர்.

துண்டில் 1.2 செ.மீ.க்கு ஒரு பென்சில் கோடு போடுங்கள். எழுத்து உயரம் 7 மி.மீ. மேலும் கீழும் ஓரமும், தலைப்புக்கு இரண்டு வரியும் போக, சுமார் 13 வரி கிடைக்கும். வரிக்கு மூன்று சொல் என்றால் ஒரு செய்திக்கு 40 சொல்லுக்கு மேல் இடமில்லை. இந்தக் கணக்கை எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசி நான்கு வரி எறும்பு ஊர்வதுபோல் நெருங்கிவிடும், முன்னால் நின்றாலும் படிக்க முடியாது.

மார்க்கரில் தலைப்பு எழுதும்போது அடியில் பழைய செய்தித்தாள் வையுங்கள், மை மறுபக்கம் ஊறும். துண்டின் நான்கு மூலையில் மட்டும் பசை தடவுங்கள். முழுக்கத் தடவினால் தாள் சுருங்கும், பிழை கண்டால் பிரிக்கவும் வராது.

ஒட்டும் இடம்

சார்ட்டின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அண்ணாந்து பார்க்காமல் படிக்கலாம். வெயில் விழும் சுவர் வேண்டாம், ஸ்கெட்ச் மை வெளுத்துப்போகும். குடிநீர்க் குழாய்ப் பக்கமும் வேண்டாம். சத்துணவு வரிசை நிற்கும் வராந்தா மிகப் பொருத்தம், தட்டோடு காத்திருக்கும் பத்து நிமிடம் சும்மாதானே போகிறது. திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் ஒட்டி, கூட்டத்தில் தலைப்புகளை மட்டும் வாசித்துவிடுங்கள். முழுவதையும் வாசித்தால் யார் போய்ப் படிப்பார்கள்?

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போடுவதாக இருந்தால், பிள்ளைகளின் புகைப்படம் ஒட்டிய இதழுக்கு முதலில் பெற்றோர் சம்மதம் வாங்குங்கள். ஓவியம் என்றால் அந்தத் தொல்லையே இல்லை.

கழற்றிய இதழின் துண்டுகளைப் பிரித்து, இதழ் எண்ணைப் பின்பக்கம் எழுதி ஃபைலில் போட்டு வையுங்கள். பத்து மாதத்தில் இருபது இதழ் வந்தால், செய்தித் துண்டுகள் மட்டும் 120 சேரும். ஆண்டு விழாவுக்கு அதைத் தைத்து அட்டை போட்டால் பள்ளி நூலகத்துக்கு ஒரு கையெழுத்துப் புத்தகம்.