முதல் டிரையத்லானுக்கு நெல்லையில் தயாராவது எப்படி?

நீச்சல், சைக்கிள், ஓட்டம். இந்த மூன்றையும் நடுவில் ஓய்வில்லாமல் அடுத்தடுத்து முடிப்பதுதான் டிரையத்லான். நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட நடக்கும் போட்டிகளில், இதுவரை எந்தப் போட்டிக்கும் போகாதவர்கள்கூட ஆசையாகப் பெயர் கொடுக்கிறார்கள். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கம் அப்படிப் பெயர் கொடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்க வேண்டாம். உடம்புக்கு வேண்டியது நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. எதை எப்போது சாப்பிடுவது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

படி 1: தூரத்தை முடிவு செய்யுங்கள்

முதல் முறைக்கு ஸ்பிரிண்ட் தூரம் போதும்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதைப் போல இரு மடங்கு. அது அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்.

நீச்சல் தெரிந்தவருக்கு மூன்று மாதப் பயிற்சி வேண்டும். தெரியாதவர் ஐந்து மாதமாவது ஒதுக்குங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், பயிற்சி நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.

படி 2: நிதி விஷயத்தை முதலிலேயே தெளிவாக்குங்கள்

யாருக்காக, எவ்வளவு, எதற்காக என்று நாலு வரியில் எழுதிச் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வரவே வேண்டாம், நேராக அந்த அமைப்பின் கணக்குக்குப் போகட்டும். கொடுப்பவர்களுக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி ரசீது கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடையாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

படி 3: நீச்சல் (அதிக நேரம் இதற்குத்தான்)

குறுக்குத்துறைப் படித்துறையில் குதித்து வளர்ந்தவர்களுக்கு நீச்சல் நன்றாகவே வரும். ஆனால் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு நீந்துவதுதான் நம் ஆற்றுப் பழக்கம். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். ஐம்பது மீட்டருக்குள் மூச்சு வாங்கிவிடும். 750 மீட்டருக்கு அது சரிப்படாது.

நீச்சல்குளத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாக மூச்சை மெதுவாக விடுங்கள். முழுவதும் விட்ட பிறகு தலையைப் பக்கவாட்டில் திருப்புங்கள், தூக்க வேண்டாம். ஒரு பக்கக் காகிள்ஸ் (நீச்சல் கண்ணாடி) தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். வாயோரமாக மூச்சை இழுத்து, திரும்ப முகத்தை உள்ளே கொண்டுபோங்கள். தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைப்பவர்களுக்குத்தான் நெஞ்சு முட்டிப் பதற்றம் வரும். அவசரமில்லாமல் இருபது முறை செய்ய முடிகிற வரைக்கும் சுவரை விட வேண்டாம்.

அப்புறம் 25 மீட்டர் நீந்தி, அரை நிமிடம் நின்று, மறுபடி 25. முதல் வாரம் நாலு முறை போதும். வாராவாரம் இரண்டு மூன்று கூட்டிக்கொண்டே போங்கள். 25 மீட்டர் குளத்தில் 30 நீளம் சேர்ந்தால் 750 மீட்டர். வாரம் இரண்டு நாள் கட்டாயம், மூன்று நாள் என்றால் இன்னும் நல்லது.

போட்டி திறந்த நீர்நிலையில் என்றால், ஏழெட்டு கை வீச்சுக்கு ஒரு முறை கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வரும்படி முன்னால் பார்த்துத் திசையைச் சரிசெய்யப் பழகுங்கள். தாமிரபரணியில் பழகுவதாக இருந்தால் தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து தெரியாது, அமலைச் செடி காலில் சுற்றும், பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கீழே இழுவை மாறிவிடும். இடம் தெரிந்த நல்ல நீச்சல்காரர் ஒருவரும், இடுப்பில் கட்டும் மிதவையும் கூட இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம்.

படி 4: சைக்கிள்

கையில் இருக்கும் சைக்கிளே போதும். பிரேக், டயர் நன்றாக இருக்க வேண்டும், ஹெல்மெட் வேண்டும். சீட் உயரத்துக்கு ஒரு சுலபமான வழி: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பெரும்பாலானோர் சீட்டைத் தாழ்வாக வைத்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனி, ஆடியில் நம் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்த மாதங்களில் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினால் முதலில் மேற்கே, சேரன்மகாதேவிப் பக்கமாகப் போங்கள். தெம்பு இருக்கும்போது எதிர்காற்றில் மிதித்துவிட்டால், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். கனமான கியரில் அழுத்தாமல், லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பது காலுக்கு நல்லது.

படி 5: ஓட்டமும் ‘சேர்த்துச் செய்வதும்’

அண்ணா விளையாட்டரங்கமோ வ.உ.சி. மைதானமோ, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். வாரம் இரண்டு நாள் போதும். ஆனால் வாரம் ஒரு நாள் சைக்கிளில் இருந்து இறங்கியதும் பத்து நிமிடமாவது ஓட வேண்டும். முதல் ஒரு கிலோமீட்டர் கால் யாருடையதோ மாதிரி கனக்கும். பழகாமல் போட்டியில்தான் முதல் முறை இதைச் சந்தித்தால் பயந்துவிடுவீர்கள்.

வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. ஒவ்வொரு நாலாவது வாரமும் எல்லாவற்றையும் கொஞ்சம் குறையுங்கள். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக இரண்டு வாரம் ஆகும். தலைசுற்றல், புல்லரிப்பு, பேச்சுக் குழறல் வந்தால் அங்கேயே நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். பேச்சு குழறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

படி 6: சாப்பாடு

தினசரி: சோறு, இட்லியில் மாவுச்சத்து தாராளமாக வரும், குறைவது புரதம். எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். எனவே காணத்துவையல் (கொள்ளுத் துவையல்), சுண்டல், மீன், தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது இருக்க வேண்டும். நீண்ட பயிற்சி முடிந்த மத்தியானத்துக்கு உளுந்தம்பருப்பு சோறும் எள்ளுத்துவையலும் எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு. மாவுச்சத்தும் புரதமும் ஒரே தட்டில் வந்துவிடும்.

பயிற்சிக்கு முன்: ஒரு வாழைப்பழமும் கருப்பட்டிக் காப்பியும் போதும்.

பயிற்சியின்போது: ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் தண்ணீர் மட்டும். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சம்பழம் கலந்தால் பானம் தயார்.

எவ்வளவு குடிப்பது? ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. அதைவிட அதிகமாகக் குடிக்கக் கூடாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். பதநீர் பயிற்சி முடிந்த பிறகு அருமை, நடுவில் வேண்டாம்.

போட்டிக்கு முந்தின இரவு சொதியும் அல்வாவும் வேண்டாம். தேங்காய்ப்பாலும் நெய்யும் வயிற்றில் வெகுநேரம் நிற்கும். சோறு, ரசம், கொஞ்சம் தயிர் என்று சீக்கிரம் சாப்பிட்டுத் தூங்குங்கள். காலையில் போட்டிக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் மூன்று இட்லி, சர்க்கரை தொட்டு. பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அன்றைக்கு வாயில் வைக்காதீர்கள்.

படி 7: கடைசி வாரமும் போட்டி நாளும்

கடைசி வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். போட்டியன்று சைக்கிளுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து ஷூவை வாய் திறந்து வைத்து, ஹெல்மெட்டைக் கைப்பிடியில் கவிழ்த்து வையுங்கள். ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம், அது விதி. முன்னால் போகிறவரை ஒட்டியே மிதிப்பதும் பல போட்டிகளில் தடை.

நீச்சலில் கூட்டத்தின் பின்வரிசை ஓரத்தில் நில்லுங்கள். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதந்து மூச்சு நிதானமான பின் தொடரலாம். பாதுகாப்புப் படகை நோக்கிக் கை தூக்கவும் தயங்க வேண்டாம்.

முடித்த ஒரு மணி நேரத்துக்குள் நன்றாகச் சாப்பிடுங்கள், அல்வாவுக்கும் அப்போது அனுமதி உண்டு. மறுநாள், நிதி கொடுத்த ஒவ்வொருவருக்கும் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, ரசீது எப்போது வரும் என்ற விவரத்தைத் தனித்தனியாக அனுப்பிவிடுங்கள்.