இசைத்தாளில் வரும் இத்தாலியச் சொற்கள்: எங்கே இடறுகிறோம்?

அலெக்ரோ என்றால் வேகம், அடாஜியோ என்றால் மெதுவாக, ஃபோர்ட்டே என்றால் சத்தமாக. இப்படி ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுப் பலரும் வாசிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். தேர்வுக்கு அது போதும், வாசிப்புக்குப் போதாது. சொல்லின் பொருளோடு, அது எந்த இடத்தில் அச்சாகியிருக்கிறது, எதுவரை செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும்.

நான் அதிகம் கேட்கும் தவறு, ஒலியைப் படிப்படியாகக் கூட்டச் சொல்லும் கிரெஷெண்டோவில்தான். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். முதல் பாரில் (தாளக் கட்டத்தில்) 'பி', அதாவது மென்மை. இரண்டாம் பாரின் தொடக்கத்தில் கிரெஷெண்டோவின் சுருக்கமான 'கிரெஷ்.' ஐந்தாம் பாரில் 'எஃப்', அதாவது சத்தம். 'கிரெஷ்.' கண்ணில் பட்டவுடனே விரல்கள் அழுத்தத் தொடங்கிவிடும். மூன்றாம் பாருக்குள் ஒலி உச்சத்துக்குப் போய்விடும், அப்புறம் ஏறுவதற்கு இடமே இருக்காது. அந்தச் சொல்லுக்குப் பொருள் 'வளர்ந்துகொண்டே'. அது அச்சாகியிருக்கும் இடம் வளர்ச்சி தொடங்கும் இடம், ஆகவே அங்கே ஒலி இன்னும் மென்மையாகத்தான் இருக்க வேண்டும். ஒலியைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லும் டிமினுவெண்டோவுக்கும் இதே கதைதான், தலைகீழாக: சொல் தொடங்கும் இடத்தில் சத்தம் குறையாமல் இருக்க வேண்டும்.

அடுத்தது 'ரிட்.' என்ற சுருக்கம். ரிட்டார்டாண்டோ என்றால் வேகம் படிப்படியாகக் குறையும், ரிட்டெனூட்டோ என்றால் உடனே பிடித்து நிறுத்தியதுபோல் குறையும். இரண்டையும் 'ரிட்.' என்றே சுருக்கிவிடுவதால் குழப்பம். பெரும்பாலும் முதலாவதுதான், என்றாலும் இசையின் போக்கைக் கேட்டு முடிவெடுங்கள். பின்னால் வரும் 'ஆ டெம்போ'வைத் தவறவிடுகிறவர்களும் உண்டு. பழைய வேகத்துக்குத் திரும்பச் சொல்வது அது. கவனிக்காவிட்டால் அடுத்த பக்கம் முழுவதும் தளர்ந்துபோகும்.

வேகச் சொற்களை மெட்ரோனோம் (தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) எண்களாக மட்டும் நினைப்பதும் தவறு. அலெக்ரோவின் இயல்பான பொருள் 'மகிழ்ச்சியான', அண்டாண்டே 'நடந்துகொண்டிருக்கிற'. நடை என்று தெரிந்தால் அதைத் தூங்கி வழிய வாசிக்கத் தோன்றாது. அண்டாண்டீனோ, அண்டாண்டேயைவிட வேகமா, மெதுவா? இதை பீத்தோவனே 1813-இல், தனக்கு நாட்டுப்பாடல்களை அனுப்பிய எடின்பரோப் பதிப்பாளர் ஜார்ஜ் தாம்சனிடம் கடிதத்தில் கேட்டிருக்கிறார். ஆகவே குழம்பினால் வெட்கப்படத் தேவையில்லை. இன்று பெரும்பாலும் சற்று வேகமாக என்றே கொள்கிறார்கள்.

சின்னச் சொற்களையும் விட்டுவிடாதீர்கள். 'அலெக்ரோ மா நான் ட்ரோப்போ' என்பதில் பலர் முதல் சொல்லோடு நிறுத்தி ஓடத் தொடங்குகிறார்கள், மீதியோ 'ஆனால் அளவு மீறாமல்' என்கிறது. 'அஸ்ஸாய்' என்றால் 'மிகவும்'. பிரெஞ்சு மொழியின் 'அஸ்ஸே'வோடு அதைக் குழப்பி 'ஓரளவு' என்று எடுத்துக்கொண்டால் வேகமே மாறிவிடும்.

ஒரே சொல் கருவிக்குக் கருவி மாறுவதும் உண்டு. வயலினில் 'கான் சோர்டினோ' என்றால் ஒலியை அடக்கும் சிறு கருவியை மாட்டி வாசிப்பது. 1802-இல் வெளியான மூன்லைட் சொனாட்டாவின் முதல் பகுதிக்கு பீத்தோவன் எழுதிய 'சென்சா சோர்டினோ'வில் (சோர்டினோ இல்லாமல்) அந்தச் சொல் பியானோவில் கம்பியின் அதிர்வை அடக்கும் டேம்பர்களைக் குறிக்கிறது. டேம்பர்கள் கம்பியைத் தொடாமல், வலது பெடலை அழுத்தி வாசிக்கச் சொல்கிறார். இடது பெடலுக்கான சொல் 'ஊனா கோர்டா', ஒரு கம்பி. அதை அழுத்தியவர்கள் பின்னால் வரும் 'ட்ரே கோர்டே'வைத் தேடிப் பிடியுங்கள், காலை எடுக்கச் சொல்வது அதுதான்.