யூத் மினிஸ்ட்ரிக்காக இறையியல் படிக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஒவ்வொரு வருஷமும் மே மாசம் விபிஎஸ் (பிள்ளைங்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிஞ்ச கையோட யாராவது ஒரு தம்பியோ தங்கச்சியோ வந்து "அக்கா, எனக்கு வாலிபர் ஊழியத்துல பாரம் இருக்கு, பைபிள் காலேஜ் போகட்டுமா"ன்னு கேக்கும். போங்கன்னுதான் சொல்லுவேன், ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் உக்கார வச்சு பேசுவேன். கீழ இருக்கிறதுல பாதி நானே பண்ண தப்பு, மீதி என் கூட படிச்சவங்க பண்ணது.

முதல் தப்பு, "அழைப்பு இருக்கு, எந்தக் காலேஜா இருந்தா என்ன"ங்கிறது. ரெண்டு ரூம், ஒரு போர்டு, ஒரு வருஷத்துல டாக்டர் பட்டம்னு நோட்டீஸ் அடிக்கிற இடமெல்லாம் இருக்கு, அதுல போய் மாட்டிக்காதீங்க. நம்ம நாட்டுல இறையியலுக்கு முறையான பட்டம்னா பெரும்பாலும் செராம்பூர்தான். கல்கத்தா பக்கத்துல கேரி, மார்ஷ்மன், வார்ட்னு மூணு மிஷனரிகள் 1818ல ஆரம்பிச்ச காலேஜ் அது. 1827ல டென்மார்க் ராஜா சாசனம் குடுத்துதான் பட்டம் குடுக்கிற உரிமையே வந்துச்சு (டென்மார்க்குக்கு அங்க என்ன வேலைன்னா, அந்த ஊரு அப்போ நம்ம தரங்கம்பாடி மாதிரி டேனிஷ்காரங்க கையில இருந்துச்சு). அப்புறம் 1918ல அதுக்குன்னு தனிச் சட்டமே போட்டாங்க. மதுரை அரசரடியில இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், பெங்களூர் யூடிசி (யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ்) எல்லாம் இதோட இணைஞ்சதுதான். ஏடிஏ (ஆசிய இறையியல் சங்கம்) அங்கீகாரம் உள்ள காலேஜும் நிறைய இருக்கு, சில இடத்துல பாடம் ரொம்பவே நல்லா இருக்கும், ஆனா அது இறையியல் காலேஜ்களுக்குள்ள குடுத்துக்கிற அங்கீகாரம், யூனிவர்சிட்டி பட்டம்னு நெனச்சுக்காதீங்க. சிஎஸ்ஐ, லுத்தரன் சபைகள்ல குருவானவர் ஆகணும்னா பொதுவா செராம்பூர் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்)தான் கேப்பாங்க. பெந்தெகொஸ்தே சபைன்னா அவங்க கணக்கே வேற, உங்க பாஸ்டர்கிட்டயே கேட்டுருங்க.

இதோட ஒட்டுன இன்னொரு தப்பு, டயோசிஸ்ல (அதாவது உங்க திருமண்டலத்துல) கேக்காம நேரா போய்ச் சேர்றது. டிகிரி முடிச்சவங்களுக்கு பி.டி. நாலு வருஷம். டயோசிஸ் அனுப்பாம சொந்தச் செலவுல போய்ப் படிச்சா, முடிச்சதும் உங்களுக்கு வேலை குடுக்கணும்னு அவங்களுக்கு ஒரு கட்டாயமும் கிடையாது. எங்க பேட்ச்ல ஒரு பையன், செம்மையா படிப்பான், நாலு வருஷம் முடிச்சிட்டு டயோசிஸ் ஆபீஸ் பெஞ்ச்ல ஃபைலோட ஒரு வருஷம் உக்காந்திருந்தான். அது மட்டும் இல்லாம யூத் பாஸ்டர்னு தனி போஸ்ட் நம்ம ஊர்ல சிட்டியில இருக்கிற பெரிய சபைகளைத் தாண்டி அவ்வளவா கிடையாது, பி.டி. முடிச்சா உங்களைக் குருவானவரா ஏதோ ஒரு சேகரத்துல (ஒரு குருவானவர் பாத்துக்கிற சபை வட்டாரம்) போடுவாங்க, அங்க கல்யாணம், அடக்கம், கணக்கு வழக்கு எல்லாத்துக்கும் நடுவுலதான் வாலிபரையும் பாக்கணும். அதனால பிளஸ் டூ முடிச்ச உடனே ஓடாம, கைல ஒரு சாதாரண டிகிரி வாங்கிட்டு போங்கன்னு சொல்லுவேன். என் அபிப்ராயம்தான், சில பேருக்குப் பிடிக்காது.

மெட்ராஸ் யூனிவர்சிட்டி மாதிரி இடத்துல கிறிஸ்தவ ஆய்வுன்னு எம்.ஏ. இருக்கு. அங்க போயிட்டு "ஜெபத்தோட கிளாஸ் ஆரம்பிக்கல"ன்னு வருத்தப்படாதீங்க. அது மதத்தை வெளியில நின்னு ஆராயுற படிப்பு, ஊழியப் பயிற்சி இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சு போனா நல்ல படிப்புதான்.

இப்போ பெரிய தப்புக்கு வர்றேன். ஃபர்ஸ்ட் இயர்ல பைபிளைப் பத்தி கிளாஸ்ல கேக்கிறது சில பேருக்கு இடி விழுந்த மாதிரி இருக்கும். ஏசாயா புத்தகம் முழுசும் ஒரே ஆள் ஒரே காலத்துல எழுதினதில்லன்னு பெரும்பாலான அறிஞர்கள் சொல்றாங்கன்னு ஆசிரியர் சாதாரணமா சொல்லிட்டு அடுத்த பாயிண்டுக்குப் போயிருவாரு, இங்க பின் பெஞ்ச்ல ஒருத்தன் மூஞ்சி வெளுத்துப் போயிருக்கும். அதுல ரெண்டு வகை ஆளு உண்டு. ஒருத்தன் காதை மூடிக்குவான், பரீட்சைக்கு மட்டும் எழுதிட்டு மனசுக்குள்ள இதெல்லாம் பிசாசோட உபதேசம்னு வச்சுக்குவான். இன்னொருத்தன் புதன்கிழமை கேட்டதை அப்படியே ஞாயித்துக்கிழமை வாலிபர் கூட்டத்துல கொட்டிருவான். நான் ரெண்டாவது வகை.

சாயங்காலம் கூட்டம், பதினாலு பிள்ளைங்க, ஃபேன் வேற ஓடல. மாற்கு 16ஆம் அதிகாரத்துல 9ல இருந்து 20 வரைக்கும் இருக்கிற வசனங்கள் ரொம்பப் பழைய கையெழுத்துப் பிரதிகள்ல இல்ல, நாலாம் நூற்றாண்டு சினாய் பிரதியும் வத்திக்கான் பிரதியும் 8ஆம் வசனத்தோடயே முடிஞ்சிருதுன்னு நான் பெரிய ஆராய்ச்சியாளர் கணக்கா சொல்லிக்கிட்டு இருக்கேன். சொன்னதுல தப்பில்ல, உண்மைதான். ஆனா பத்தாவது படிக்கிற ஒரு பையன் எழுந்திரிச்சு, "வியாதியஸ்தர்மேல கை வைப்பாங்க, சொஸ்தமாவாங்கன்னு அதுலதான அக்கா இருக்கு? எனக்கு டைபாய்டு வந்தப்போ எங்க ஆச்சி அதைச் சொல்லித்தான் தலையில கை வச்சு ஜெபிச்சாங்க"ன்னான். அவங்க ஆச்சி செத்து அப்போ ஆறு மாசம்தான் ஆகியிருந்துச்சு. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. ஏதோ உளறிட்டு பாட்டு போடச் சொல்லிட்டேன்.

அடுத்த வாரம் ஆசிரியர்கிட்ட போய் நின்னேன். அவரு திட்டல, "நீ வீட்டை இடிச்ச, மாத்தி ஒரு கூரை போட்டுட்டு இடிச்சிருக்கணும்"னு மட்டும் சொன்னாரு. அதே மாற்குல 5ஆம் அதிகாரத்துல யவீரு வந்து என் மகள் மேல கையை வையும்னுதான கெஞ்சுறான், யாக்கோபு 5ல மூப்பரைக் கூப்பிட்டு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருக்கே, ஆச்சி பண்ணது ஆதித் திருச்சபையில இருந்தே வர்ற பழக்கம்தானே, இதையெல்லாம் முதல்ல சொல்லிட்டு அப்புறம் பிரதிகளைப் பத்திப் பேசியிருந்தா அந்தப் பையனுக்கு அது ஒரு கண்டுபிடிப்பா இருந்திருக்கும். அதனால கிளாஸ்ல கேட்ட விஷயம் உங்களுக்கே செரிக்கிறதுக்கு ஆறு மாசம் குடுங்க. மறைக்கச் சொல்லல. பிள்ளைங்க நேரா கேட்டா நேரா பதில் சொல்லுங்க, இல்லன்னா அவங்க யூடியூப்ல கேட்டுக்குவாங்க.

கிரேக்கம் ரெண்டு செமஸ்டர் படிச்ச உடனே வர்ற வியாதி ஒண்ணு இருக்கு. "அகாப்பேன்னா தெய்வீக அன்பு, ஃபிலியான்னா மனுஷ அன்பு"ன்னு மேடையில அடிச்சு விடுறது. பழைய ஏற்பாட்டோட கிரேக்க மொழிபெயர்ப்புல 2 சாமுவேல் 13 எடுத்துப் பாருங்க, அம்னோன் தாமார் மேல வச்ச அசிங்கமான ஆசைக்கும் அதே அகாப்பே வார்த்தைதான் போட்டிருக்கு. கூட ஊழியம் செஞ்ச தேமா இந்த உலகத்து மேல ஆசை வச்சுப் போயிட்டான்னு பவுல் எழுதுறாரே, அங்கயும் அதேதான். அப்புறம் வல்லமைக்கு உள்ள கிரேக்க வார்த்தையை எடுத்து "டுனாமிஸ், அதாவது டைனமைட்!"ங்கிறது – டைனமைட்டுக்கு நோபல் பேரு வச்சது 1867ல, பவுலுக்கு வெடி மருந்தே தெரியாது. பாதி கிரேக்கம் தெரிஞ்சவன்தான் மேடையில அதிகமா கிரேக்கம் பேசுவான்.

ஆலோசனை (கவுன்சலிங்) பேப்பரை ஈஸின்னு விட்டுராதீங்க. கேம்ப்ல ராத்திரி ஒரு பிள்ளை வந்து "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, அப்பதான் சொல்லுவேன்"னு ஆரம்பிக்கும். பண்ணாதீங்க. 2012 போக்சோ சட்டப்படி 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு பாலியல் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லாம விட்டா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு, பாஸ்டருக்கும் அதுல விலக்கு கிடையாது. சபைக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்னு எந்தப் பெரியவர் சொன்னாலும் கேக்காதீங்க. "உனக்கு நல்லதுக்கு வேற யார்கிட்டயாவது சொல்ல வேண்டியிருந்தா சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுதான் செய்வேன்"னு முதல்லயே சொல்லிருங்க. பிள்ளைங்களுக்கான உதவி எண் 1098 உங்க ஃபோன்ல இருக்கட்டும்.

கிட்டார், கேம்ப், டி-ஷர்ட் பத்தி தனியா என்ன சொல்ல, வாரக்கடைசி சபை வேலைக்கு அனுப்பும்போது பாட்டு குரூப்ல மட்டும் ஒளிஞ்சுக்காம பிள்ளைங்க வீட்டுக்குப் போங்க, அவ்வளவுதான்.

கடைசியா, பிற மதங்கள் பேப்பர். இதைத்தான் எல்லாரும் பாஸ் மார்க் போதும்னு விடுவாங்க, நானும் விட்டேன். நம்ம பிள்ளைங்க பெஞ்ச்ல பக்கத்துல உக்காந்திருக்கிறது யாருன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பொங்கல் அன்னிக்கு ஏழாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு சின்ன தூக்குவாளியோட வந்து நின்னா. பக்கத்து வீட்டு அத்தை குடுத்த சக்கரைப் பொங்கல், அம்மா தொடாதன்னுட்டாங்களாம், கொட்டவும் மனசில்ல. நான் 1 கொரிந்தியர் 8ஐயும் 10ஐயும் எடுத்துச் சொன்னேன், விக்கிரகம் ஒண்ணுமில்லன்னு பவுலே சொல்றாரு, ஆனா இன்னொருத்தர் மனசாட்சிக்கு இடறலா இருந்தா வேண்டாங்கிறாரு, அதனால யார் மனசு நோகும்னு யோசிச்சுப் பாருன்னு. அவ கொஞ்ச நேரம் வாளி மூடியைத் திருகிக்கிட்டே இருந்தா. அப்புறம், "கிறிஸ்மஸுக்கு நாங்க குடுத்த அச்சு முறுக்கை அந்த அத்தை சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டுதான் அக்கா சாப்ட்டாங்க, அது எதுல வரும்?"னு கேட்டா.