சைடுகார் பந்தயத்தில் பாசஞ்சராகத் தொடங்குவது எப்படி

மோட்டார் சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் சைடுகார் பந்தயத்தை முதன்முதலாகப் பார்த்ததும், கைப்பிடியைப் பிடித்து அந்த வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுவார்கள். அவர்களுக்கு இந்த வழிகாட்டி சொல்வது வேறு: முதல் ஒரு பருவமாவது பாசஞ்சராக, அதாவது ஓட்டுநருக்குப் பக்கத்திலுள்ள தளத்தில் இயங்குபவராக இருந்து பாருங்கள். சொந்தமாக வண்டி வாங்காமல் இந்தப் பந்தயத்துக்குள் நுழைவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. வண்டியின் மூன்று சக்கரங்களில் எது எப்போது தரையை விட்டு எழப் பார்க்கும் என்பதை உடம்பால் அறிந்துகொள்ளவும் அந்தத் தளமே சரியான இடம். பிரிட்டனின் தார்ப்பாதைப் பந்தயங்களையும், அங்கு பரவலாக உள்ள எஃப்2 பிரிவையும் மனத்தில் கொண்டு இது எழுதப்படுகிறது. மண்பாதையில் நடக்கும் சைடுகார் மோட்டோகிராஸ் தனியொரு கலை.

முதலில் வண்டியைப் பற்றித் தெளிவு வேண்டும். ஸ்கூட்டரோடு இணைத்துக் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் சைடுகாருக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. பந்தய வண்டி தரையோடு தரையாகத் தாழ்ந்திருக்கும். டயர்கள் கார் டயர்களைப் போல அகன்று தட்டையாக இருக்கும். வளைவில் வண்டி சாயாது. ஓட்டுநர் முழங்காலிட்டு, மார்பை முன்னே கிடத்தி ஓட்டுவார். எஃப்2 வண்டிகளில் பெரும்பாலும் ஹோண்டா, யமஹா, சுசுகி ஆகியவற்றின் 600 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்குகளிலிருந்து எடுத்த எஞ்சின் ஓட்டுநருக்கு முன்புறமாக அமைந்திருக்கும். எஃப்1 எனப்படும் நீளமான வண்டிகளில் அது அவருக்குப் பின்னால் போய்விடும். பாசஞ்சருக்கு இருக்கை கிடையாது, வார்ப்பட்டையும் கிடையாது. தட்டையான ஒரு தளமும், அங்கங்கே பொருத்திய சில கைப்பிடிகளும்தான் அவருடைய உலகம்.

வண்டி சாயாது என்பதால், சாய வேண்டிய வேலை மனிதருக்கு வந்துசேர்கிறது. பிரிட்டனில் வழக்கமாக உள்ளபடி தளம் இடப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடது வளைவில் வண்டியின் எடை வலப்பக்கம் தள்ளப்படுவதால், பக்கச் சக்கரம் லேசாகி மேலெழப் பார்க்கும். பாசஞ்சர் தளத்தின் இடது விளிம்புக்கு வெளியே உடலை நீட்டி, இடுப்பும் தோளும் தார்மீது உரசும் அளவுக்குத் தாழ்ந்து, அந்தச் சக்கரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். வலது வளைவில் கதை மாறிவிடும். இப்போது பக்கச் சக்கரத்தின்மேல் சுமை ஏறி, வண்டியைத் தள்ளும் பின்சக்கரம் பிடிப்பை இழக்கத் தொடங்கும். ஆகவே பாசஞ்சர் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஏறி, பின்சக்கரத்துக்கு மேலாக வலப்பக்கம் சாய்ந்து தொங்க வேண்டும். நேர்ப்பாதையிலோ காற்றுக்கு இடம் கொடுக்காமல் தளத்தில் பதுங்கிக்கொள்ள வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் உண்டு: எஞ்சினும் பின்சக்கரமும் ஒரு பக்கத்தில் இருப்பதால், வேகத்தைக் கூட்டும்போது வண்டி தளம் இருக்கும் பக்கமாகத் திரும்பப் பார்க்கும், வேகத்தைக் குறைக்கும்போது மறுபக்கம் இழுக்கும். மூன்று சக்கரங்களுக்கும் பிரேக் வைத்து இதை மட்டுப்படுத்தியிருக்கிறார்கள் என்றாலும், முற்றிலும் நீக்கிவிட முடியாது.

இடது வளைவையும் வலது வளைவையும் இரு தனித் திறன்களாகக் கருதிப் பழகுவது நல்லது. பிரிட்டனின் பந்தயத்தடங்கள் பெரும்பாலும் கடிகாரச் சுற்றாக ஓடுவதால் வலது வளைவுகளே அதிகம். லெஸ்டர்ஷயரிலுள்ள மாலரி பார்க்கின் ஜெரார்ட்ஸ் வளைவு வலப்பக்கமாக நீண்டுகொண்டே போகும். அங்கே பின்சக்கரத்தின்மேல் தொங்கும் பாசஞ்சரின் முன்னங்கை இறுகிக் கல்லாகிவிடும். புதியவர்கள் இடது வளைவில் தரையை உரசிச் செல்லும் காட்சியில் மயங்கி அதையே பயிற்சி செய்கிறார்கள். ஆனால் சுற்றின் நேரம் பெரும்பாலும் வலது வளைவிலிருந்து வெளியேறும்போது பின்சக்கரத்துக்குக் கிடைக்கும் பிடிப்பில்தான் குறைகிறது.

பயிற்சியை ஓடும் வண்டியில் தொடங்காதீர்கள். வண்டியை அசையாதபடி நிறுத்தி, ஓட்டுநரையும் அவருடைய இடத்தில் மண்டியிடச் செய்து, முழுத் தோலுடையும் தலைக்கவசமும் கையுறையும் அணிந்து இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கும் மீண்டும் இடப்புறத்துக்கும் மாறிப் பாருங்கள். தலைக்கவசம் இல்லாதபோது எளிதாக எட்டிய கைப்பிடி, அதை அணிந்ததும் பார்வைக்குக் கீழே மறைந்துவிடும்; தடித்த கையுறையில் அதன் வளையத்துக்குள் விரல்கள் நுழையாமல் போகும்; திரும்பும்போது பூட்ஸின் முனை தளத்தின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். இவையெல்லாம் நின்ற வண்டியிலேயே தெரிந்துவிட வேண்டியவை. கைப்பிடி எட்டவில்லை என்றால் கூச்சமின்றிச் சொல்லுங்கள். முந்தைய பாசஞ்சரின் உயரத்துக்கு ஏற்பப் பொருத்தியதை உங்களுக்கு ஏற்ப மாற்றி அமைப்பது பெரிய வேலையன்று. கண்ணை மூடிக்கொண்டு மாறினாலும் கை தானாகப் பிடியில் விழும்வரை இதைச் செய்ய வேண்டும்.

எந்த நேரத்திலும் ஒரு கையாவது பிடியில் இருக்க வேண்டும் என்பதும், புதிய பிடியைப் பற்றிய பிறகே பழையதை விட வேண்டும் என்பதும் மீறக்கூடாத விதிகள். இடம் மாறுவதை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஓட்டுநர் பிரேக் பிடிக்கும் கணத்தில் உடல் முன்னோக்கி எறியப்படும் என்பதால், அப்போது பாதி வழியில் இருப்பவர் எதையும் சரியாகச் செய்ய முடியாது. மாறும்போது குதிக்காமல் வழுக்கிச் செல்லுங்கள்; தளத்தில் தொப்பென்று விழும் உடல் வண்டியின் சமநிலையைக் குலைப்பதை ஓட்டுநர் கைப்பிடியிலேயே உணர்வார். பந்தய வேகத்தில் பேச்சு எடுபடாது. ஏதேனும் கோளாறு என்றால் அவர் முதுகிலோ காலிலோ எப்படித் தட்டுவது, எத்தனை முறை தட்டினால் என்ன பொருள் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருபவர்களைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குத்தான் உண்டு.

உடற்பயிற்சியில் புஜத்தைவிடப் பிடிவலுவுக்கும் முன்னங்கைக்கும் வயிற்றுத் தசைக்கும் கழுத்துக்கும் முதலிடம் கொடுங்கள். கம்பியில் தொங்குவதும் ஏறி இறங்குவதும் போதும், விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. தோலுடை இடுப்பிலும் பின்புறத்திலும் தேயும் என்பதால் அங்கெல்லாம் கூடுதல் அடுக்குத் தைத்துக்கொள்ள வேண்டும். பூட்ஸின் அடிப்பாகம் வழுக்காததாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருக்கட்டும்.

ஓட்டுநரைத் தேடுவது கடினமன்று, ஏனெனில் பாசஞ்சர் கிடைக்காமல் தவிக்கும் ஓட்டுநர்கள் எப்போதும் உண்டு. சைடுகார் பந்தயம் நடக்கும் நாளில் வண்டிகள் நிறுத்தும் திடலுக்குச் சென்று பேச்சுக் கொடுங்கள். ஒரு வண்டியைத் தள்ளிக் கொடுத்தால் கூட உரையாடல் தொடங்கிவிடும். ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கோப்பைகளைவிட, போல்ட்டுகளை எப்படி முடுக்கி, அவை கழலாதபடி கம்பி கட்டுகிறார் என்பதையும், பழைய பாசஞ்சரைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். எல்லாத் தவறையும் முன்னவர் தலையில் போடுபவரிடம் சேர வேண்டாம். பந்தயத்தில் இறங்க, பிரிட்டனின் மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நிர்வகிக்கும் ஆட்டோ-சைக்கிள் யூனியனின் உரிமம் தேவை; அது ஓட்டுநருக்கு மட்டுமல்ல, பாசஞ்சருக்கும் பொருந்தும்.

பாசஞ்சரை வெறும் சுமையென்று நினைப்பவர்களுக்கு இந்தப் பந்தயத்தின் வரலாறே பதில் சொல்லும். 1949இல் முதல் உலகப் பட்டத்தை வென்ற எரிக் ஆலிவருடன் தளத்தில் இருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன். அவரே 1955இல் இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸுக்கு வழிகாட்டியாகக் காரில் அமர்ந்து வென்றவர். ரோல்ஃப் பிலான்ட் 1978இல் உலகப் பட்டம் வென்ற வண்டியில் பாசஞ்சருக்கு உட்கார்ந்திருப்பதைத் தவிர அதிக வேலை இருக்கவில்லை. அடுத்த ஆண்டே பட்டம் இரு பிரிவுகளாகப் பிரிந்து, பின்னர் பாசஞ்சர் உடலால் பங்கேற்கும் வண்டிகளே நிலைத்தன. அந்தத் தீர்ப்பு சரியானது என்பதே என் எண்ணம். இல்லையென்றால் இது மூன்று சக்கரக் காரின் பந்தயமாக முடிந்திருக்கும். 2016இல் பெக்கா பைவாரின்தாவுடன் சேர்ந்து பட்டம் வென்ற பின்லாந்தின் கிர்சி கைனுலைனன், சைடுகார் உலகப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண். அவரும் பாசஞ்சரே.

இதன் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்பதை, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவில் (Isle of Man) பார்க்கலாம். 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் அந்த மலைச்சாலைச் சுற்றில், ராம்சி ஹேர்பின் வளைவில் இடப்பக்கம் தரையோடு தொங்கிய பாசஞ்சர், கூஸ்நெக் வளைவில் வலப்பக்கம் பின்சக்கரத்தின்மேல் ஏறியிருப்பார். பல்லா பாலத்தின் மேட்டில் வண்டி தரையைவிட்டு எழும்போது முழங்கால்களை மடக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வார். 2023இல் பென், டாம் பர்ச்சால் சகோதரர்கள் அங்கே மணிக்கு 120.645 மைல், அதாவது ஏறத்தாழ 194 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார்கள். தனியாகப் பைக் ஓட்டியவர்கள் இந்தப் பக்கம் வந்தபின் திரும்பாமல் போவதற்கு இந்த இருவர் உறவே காரணம் என்று நினைக்கிறேன்: கணக்குத் தப்பினால் இருவருக்கும் தப்பும், கூடினால் இருவருக்கும் கூடும்.

அந்த உறவின் மறுபக்கத்தையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். 2022இல் அதே தீவில் ஒரே விபத்தில் தந்தையும் மகனும் உயிரிழந்தார்கள். பொதுச்சாலைப் பந்தயம் என்பது பல ஆண்டு மூடிய தடங்களில் பழகியவர்களுக்கே உரியது. புதியவரை அங்கே அழைக்கும் ஓட்டுநருக்கு மறுப்புச் சொல்லத் தயங்காதீர்கள்.

முதல் தட நாளில் நேரத்தைப் பார்க்க வேண்டாம். ஓட்டுநரிடம் பாதி வேகம் போதுமென்று சொல்லி, தளத்தில் இயல்பாக மூச்சு விட முடிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். புதியவர்கள் பலர் வளைவு முழுதும் மூச்சை அடக்கிக்கொள்வதாலேயே சீக்கிரம் களைக்கிறார்கள். கை தளர்வதை உணர்ந்தால் அடுத்த சுற்றிலேயே தட்டி நிறுத்தச் சொல்லுங்கள். இறங்கியதும் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பாருங்கள்: கொப்புளம் விரல்களின் அடியில் இருந்தால் பிடி தடிமனாக இருக்கிறது என்று கருதலாம், கட்டைவிரல் இடுக்கில் இருந்தால் அதன் கோணம் சரியில்லை. அடுத்த முறை தடத்தில் இறங்குவதற்கு முன் ஸ்பானரை எடுத்து அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.