டம்ளர் ஓட்டை, டீச்சர்!

நாலாம் வகுப்பில் ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறைய ஐஸ் தண்ணீர் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வெளிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "டம்ளர் ஓட்டை, டீச்சர்" என்பார்கள். ஒவ்வொரு வருடமும் எனக்கு இதே பதில்தான்.

உடனே "காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து…" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தேன். பரீட்சையில் சரியாக எழுதுவார்கள், மறுவாரம் கேட்டால் பழையபடி ஓட்டைதான். ஒரு பையன் கேட்டான்: "எங்க வீட்டு மண்பானை கசியுதே டீச்சர்?" நியாயம்தானே! பானை கசிவதால்தான் தண்ணீரே சில்லென்று இருக்கிறது. அவன் கண்ணால் கண்டதைச் சொல்கிறான். அதையே சோதித்துப் பார்க்க விடுங்கள்.

ஐஸ் தண்ணீரில் பீட்ரூட் சாறு கலந்து மூடி வையுங்கள். மூடாவிட்டால் "மேல வழியா வந்துச்சு" என்பார்கள். வெளித்துளியை வெள்ளைத் துணியால் துடைத்தால் சிவப்பு ஒட்டாது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு பெண் எழுந்து, "டீ வடிகட்டினா தூள் நிக்குதுல்ல, அந்த மாதிரி கலர் உள்ளேயே நின்னுடுச்சு" என்றாள். அன்று என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலி டம்ளர். கனமானதாக எடுங்கள், மெல்லிசானது சீக்கிரம் சூடேறிவிடும். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை என்று பிள்ளைகளே பார்த்துத் துடைத்து மூடட்டும். பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்கு நடுவே அரை மணி நேரம். ஐஸ் மீன் மார்க்கெட்டில் வாங்குவேன். வாடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். வெளியே எடுத்ததும் டம்ளர் மங்கும், விரலால் பெயர் எழுதலாம். ஏசி அறையில் இது சரியாக வராது. எங்கள் ஊர் கடலோரம், அதனால் கவலையில்லை. உள்மாவட்டம் என்றால் வெயில் ஏறுமுன் செய்துவிடுங்கள்.

"காலி டம்ளர் எப்படிக் கசியும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். யாராவது "காத்துலேர்ந்தா?" என்பார்கள். அப்புறம்தான் நீராவி என்ற சொல்.

புழுக்கமான நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். எங்கள் வகுப்பறை ஏறக்குறைய 100 கன மீட்டர். இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களை மேசையில் வைத்து, "இவ்வளவும் இந்த ரூம் காத்துல இருக்கு" என்றேன். கடைசி பெஞ்சில் ஒருவன் வாயைத் திறந்து காற்றைக் குடித்துப் பார்த்தான்.