வெயிலில் தோலைக் காப்பது எப்படி? முதல்முறை சன்ஸ்கிரீன் வாங்குபவர்களுக்கு

சன்ஸ்கிரீன் பூசியும் முகம் கறுத்துவிட்டது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது: "எவ்வளவு பூசினீர்கள்?" பெரும்பாலும் பட்டாணி அளவு என்பார்கள். கோளாறு அங்கேதான்.

1. வாங்கும்போது

எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். எஸ்பிஎஃப் என்பது முக்கியமாகத் தோலைச் சுட்டெரிக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பின் கணக்கு. யுவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிர் இன்னும் ஆழமாக இறங்கிக் கருமையையும் சுருக்கத்தையும் கொண்டுவரும். ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். அதனால் இரண்டு கதிரையும் தடுக்கும் என்பதற்கான "பிராட் ஸ்பெக்ட்ரம்" என்ற சொல்லோ, யுவிஏ பாதுகாப்பைக் காட்டும் பிஏ என்பதற்குப் பக்கத்தில் கூட்டல் குறிகளோ இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைக்கூடக் கணக்கில் 30 சுமார் 97 சதவீத யுவிபியைத் தடுக்கிறது, 50 சுமார் 98 சதவீதம். எண்ணைத் துரத்துவதைவிட, தினமும் பூசத் தோதான பிசுபிசுப்பில்லாத ஒன்றைத் தேடுங்கள்.

2. பூசும்போது

அந்த எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்தது. பாதி பூசினால் பாதுகாப்பும் வெகுவாகக் குறைந்துவிடும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவும் வேண்டும். முதல்முறை அதிகமாகத்தான் தெரியும். ஒரு விரல் அளவைப் பூசி, அது தோலில் படிந்ததும் அடுத்ததைப் பூசினால் திட்டுத்திட்டாக நிற்காது. காதுமடல், பிடரி, தலை வகிடு மூன்றையும் எல்லோரும் மறப்பார்கள்.

வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பே பூசிவிடுங்கள். வெளியிலேயே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். நீந்தினாலோ, வியர்வையைத் துண்டால் துடைத்தாலோ உடனே.

3. நிழலும் துணியும்

உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று அர்த்தம். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும், அகல விளிம்புத் தொப்பியும் எந்தக் கிரீமுக்கும் குறைந்தவை அல்ல. மேகமூட்டத்தை நம்ப வேண்டாம், புற ஊதாக் கதிர் அதையும் ஊடுருவும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழலும் துணியும்தான் பாதுகாப்பு.

4. சுட்டுவிட்டால்

சரி, தவறிவிட்டது, தோல் சிவந்து எரிகிறது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து, பதினைந்து நிமிடம் வையுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள். அப்புறம் ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ கற்றாழை ஜெல்லோ பூசுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், அதன் தோல்தான் புண்ணுக்கு மூடி. காய்ச்சல், தலைசுற்றல், பரவலான கொப்புளம் இருந்தால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

5. கருமை தங்கிவிட்டால்

எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பொருள்கள் வெயிலோடு வினைபுரிந்து தோலையே பொசுக்கி, இன்னும் அடர்ந்த தழும்பை விட்டுவிட்டுப் போகும். காலையில் வைட்டமின் சி அல்லது நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) உள்ள கிரீமோ சீரமோ பூசுங்கள், அதன்மேல் சன்ஸ்கிரீன். இரவில் ரெட்டினால் (வைட்டமின் ஏ-யின் ஒரு வகை) பூசுவதானால் வாரம் இரண்டு நாளில் தொடங்குங்கள். கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தொடங்கினால் எரிச்சல் எதனால் என்றே தெரியாது. இரண்டு மூன்று மாதமாவது பொறுங்கள். மங்கு (முகத்தில் படரும் பழுப்புத் திட்டுகள்) உள்ளவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பகைதான். இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் அவர்களுக்குக் கூடுதலாக உதவும்.

ஸ்டீராய்டு கலந்த "வெள்ளையாக்கும்" கிரீம்களைப் பற்றி எனக்கு நிஜமாகவே கவலை. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும், பிறகு தோல் மெலிந்து சிவந்து ரத்தக்குழாய்கள் தெரியத் தொடங்கும். மருத்துவர் எழுதித் தராத எதையும் அந்த ஆசையில் பூசாதீர்கள்.

6. மாதம் ஒருமுறை

குளித்து முடித்ததும் நல்ல வெளிச்சத்தில் உடம்பைப் பாருங்கள். மச்சத்தின் வடிவம், விளிம்பு, நிறம், அளவு எதுவும் மாறினாலும், ஆறாத புண் இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாநிறமும் கறுப்புமான தோலில் மெலனோமா புற்றுநோய் பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. ஆகவே பாதத்தைத் திருப்பிப் பார்க்காமல் சோதனையை முடிக்க வேண்டாம்.